பழைய ஹார்ட் டிஸ்க்குக்கு இரண்டாவது வேலை: ஃபார்மட் போடுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

லேப்டாப்புக்கு எஸ்எஸ்டி (சுழலும் பாகங்கள் இல்லாத வேகமான சேமிப்பகம்) போட்டவர்கள் வீட்டில் பெரும்பாலும் ஒரு பழைய ஹார்ட் டிஸ்க் சும்மா கிடக்கும். 500 ஜிபி அல்லது 1 டிபி இருக்கும். வேகம் போதவில்லை என்றுதான் அதைக் கழற்றியிருப்பார்கள், பழுதாகிப் போயிருக்காது. விண்டோஸை ஓட்ட அந்த வேகம் பற்றாது. குடும்பப் புகைப்படங்களுக்கு இன்னொரு பிரதி வைத்துக்கொள்ள, படங்களைச் சேர்த்துவைக்க, வாரம் ஒருமுறை பேக்கப் எடுக்க அது தாராளமாகப் போதும்.

இந்த வேலையில் புதிதாக இறங்குகிறவர்கள் நேராக ஃபார்மட் பொத்தானைத் தேடிப் போகிறார்கள். ஃபார்மட் போட்டால் டிஸ்க் புதிதாகிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ஃபார்மட் செய்வதால் டிஸ்க்கின் வயது குறையாது. இயந்திரப் பழுது சரியாகாது. வழக்கமாக நாம் போடும் வேகமான ஃபார்மட்டில் பழைய கோப்புகள்கூட உண்மையில் அழியாது. தயாரிப்பின் பெரும்பகுதி அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். முதலில் உள்ளே இருப்பதை வெளியே எடுக்க வேண்டும். பிறகு டிஸ்க்கின் நிலையைப் பார்க்க வேண்டும். அதன் பிறகு பரப்பு முழுவதையும் ஒருமுறை எழுதிப் பார்க்க வேண்டும். இந்த வரிசையை மாற்றக் கூடாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. அது புரிய, மூடிக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

மூடிக்குள் என்ன இருக்கிறது

ஹார்ட் டிஸ்க் ஓர் இயந்திரம். காந்தப் பூச்சு பூசிய தட்டுகள் உள்ளே சுழல்கின்றன. லேப்டாப் டிஸ்க் என்றால் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று; டெஸ்க்டாப் டிஸ்க் என்றால் பெரும்பாலும் 7200 சுற்று. படிக்கவும் எழுதவும் செய்யும் முனைகள் தட்டைத் தொடாமல், சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கின்றன. ஒரு தூசி உள்ளே போனாலும், ஓடிக்கொண்டிருக்கும்போது மேசையிலிருந்து விழுந்தாலும், முனை தட்டில் உரசிவிடும். அதனால் மூடியைத் திறந்து பார்க்கும் ஆசையை விட்டுவிடுங்கள். செத்த டிஸ்க்கை ஃப்ரீஸரில் வைத்தால் பிழைக்கும் என்று இன்னமும் சிலர் சொல்வதுண்டு. வெளியே எடுத்ததும் தட்டின் மேல் ஈரம் படியும்; மிச்சம் இருந்த வாய்ப்பும் போய்விடும்.

தட்டின் பரப்பு செக்டார் எனப்படும் சிறு துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரு செக்டார் 512 பைட் என்று கணக்கிட்டால், 1 டிபி டிஸ்க்கில் ஏறத்தாழ 195 கோடி செக்டார்கள் இருக்கும். இத்தனை கோடியில் சில கெட்டுப்போவது இயல்பு. தயாரிப்பாளர்களும் அதை எதிர்பார்த்தே கொஞ்சம் உபரி செக்டார்களை ஒதுக்கிவைக்கிறார்கள். ஒரு செக்டார் கெட்டுவிட்டது என்று டிஸ்க் முடிவுசெய்தால், அதன் முகவரியை ஓர் உபரி செக்டாருக்கு மாற்றிவிடும். கணினியின் இயங்குதளமான விண்டோஸுக்கோ லினக்ஸுக்கோ இது நடந்ததே தெரியாது. டிஸ்க்குக்குள் இருக்கும் சிறு கணினியே இதை முடித்துவிடுகிறது.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. படிக்கும்போது ஒரு செக்டார் ஒத்துழைக்கவில்லை என்றால் டிஸ்க் உடனே அதை மாற்றிவிடாது. மாற்றினால் அங்கே இருந்த தகவல் என்ன என்று அதற்குத் தெரியாதே. எனவே சந்தேகப் பட்டியலில் வைத்துக் காத்திருக்கும். அதே இடத்தில் யாராவது புதிதாக எழுத வரும்போதுதான் சோதிக்கும். எழுதியது நன்றாகப் பதிந்தால் செக்டார் பட்டியலிலிருந்து விடுபடும். பதியவில்லை என்றால் உபரி செக்டாருக்கு மாற்றப்படும். பழைய டிஸ்க்கைத் தயார்செய்வதில் முழுப் பரப்பையும் ஒருமுறை எழுதச் சொல்வதற்கு முக்கியக் காரணம் இதுதான். காத்திருக்கும் செக்டார்கள் ஒவ்வொன்றும் அப்போதுதான் ஒரு முடிவுக்கு வருகின்றன.

இணைப்பது

லேப்டாப்பிலிருந்து கழற்றியது 2.5 அங்குல டிஸ்க். இதற்கு 5 வோல்ட் போதும். யுஎஸ்பி வழியே வரும் மின்சாரத்திலேயே ஓடும். டெஸ்க்டாப்பிலிருந்து எடுத்தது 3.5 அங்குலம். அதற்கு 12 வோல்ட்டும் வேண்டும் என்பதால் தனி அடாப்டரோடு வரும் கேஸ் (டிஸ்க்கை உள்ளே வைத்து யுஎஸ்பியில் இணைக்கும் பெட்டி) அல்லது டாக் (டிஸ்க்கைச் செருகி வைக்கும் தாங்கி) வாங்க வேண்டும். இணைப்பு முனை சாட்டா வகையாக இருந்தால் கவலையில்லை. வரிசையாகப் பின்கள் நீட்டிக்கொண்டிருக்கும் பழைய ஐடிஇ டிஸ்க் என்றால், என் கருத்தில் அதை மறுபடி வேலைக்கு வைக்க மெனக்கெட வேண்டாம். கொள்ளளவு சிறியது, வயது மிக அதிகம். ஓர் அடாப்டரை இரவல் வாங்கியாவது உள்ளே இருப்பதை எடுத்துக்கொண்டு ஓய்வு கொடுத்துவிடுங்கள்.

கேஸ் வாங்கும்போது யுஎஸ்பி 3.0 என்று பார்த்து வாங்குங்கள். யுஎஸ்பி 2.0 நடைமுறையில் விநாடிக்கு 35, 40 எம்பிக்கு மேல் போகாது. நல்ல நிலையில் இருக்கும் 2.5 அங்குல டிஸ்க் அதைப்போல் இரண்டு மடங்கு கொடுக்கும்.

புதியவர்களைப் பயமுறுத்தும் ஒரு விஷயம்: டிஸ்க்கைச் செருகியதும் சுழலத் தொடங்கி, நின்று, மறுபடி தொடங்கி ‘டிக் டிக்’ என்று சத்தம் போடும். டிஸ்க் போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். பல நேரம் மின்சாரப் பற்றாக்குறைதான் காரணம். யுஎஸ்பி 2.0 துளை 500 மில்லியாம்பியர் தர வேண்டும் என்பது விதி, 3.0 துளை 900. சில டிஸ்க்குகள் சுழலத் தொடங்கும் அந்த ஓரிரு விநாடிகளில் 1 ஆம்பியர்வரை இழுக்கும். டெஸ்க்டாப்பின் முன்பக்கத் துளையை விட்டுப் பின்பக்கத் துளையில் செருகிப் பாருங்கள். நீளமான கேபிளை மாற்றிக் குட்டையான கேபிள் போடுங்கள். போதிய மின்சாரம் கிடைத்த பிறகும் அதே சத்தம் வந்தால்தான் முனைகளில் பழுது என்று கொள்ள வேண்டும். அப்படிப்பட்ட டிஸ்க்கில் உங்களுக்கு வேண்டிய தகவல் இருந்தால் அதை அணைத்துவிட்டுத் தரவு மீட்பவரிடம் கொடுங்கள். ஒவ்வொரு முயற்சியும் தட்டைக் கீறக்கூடும்.

டெஸ்க்டாப்புக்குள்ளேயே இரண்டாவது டிஸ்க்காகப் பொருத்துவது இன்னும் நல்லது; கேபிள் அசையாது, மின்சாரம் சீராகக் கிடைக்கும். பவர் சப்ளையில் சாட்டா முனை மிச்சம் இல்லையென்று மலிவான மோலெக்ஸ்–சாட்டா மாற்றி வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டும். கம்பிகளின் மேல் பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த வகை உள்ளுக்குள் ஷார்ட் ஆகி எரிந்த சம்பவங்கள் உண்டு. கம்பிகள் தனித்தனியாகச் செருகப்பட்டு, பின்னால் மூடி போட்ட வகையைக் கேட்டு வாங்குங்கள். டிவிடி டிரைவ் இருக்கும் பழைய லேப்டாப் என்றால், அதைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஹார்ட் டிஸ்க்கை வைக்க ‘கேடி’ (caddy) என்ற சட்டகம் கிடைக்கிறது. 9.5 மிமீ, 12.7 மிமீ என்று இரண்டு தடிமனில் வரும். அளந்து பார்த்துவிட்டு வாங்க வேண்டும்.

முதலில் உள்ளே இருப்பது வெளியே

சோதனையைவிட நகலெடுப்பதற்கு முதலிடம். முழுப் பரப்புச் சோதனை என்பது டிஸ்க்கை மணிக்கணக்கில் விடாமல் ஓடவைப்பது. தள்ளாடும் டிஸ்க் அந்தச் சோதனையிலேயே விழுந்துவிடலாம். அதற்குள் உங்கள் கோப்புகள் வேறிடத்துக்குப் போயிருக்க வேண்டும். நகலெடுக்கும்போதும் அளவில் பெரிய படங்களில் தொடங்காமல், வேறெங்கும் கிடைக்காத புகைப்படங்கள், ஆவணங்கள், கணக்குகளில் தொடங்குங்கள்.

பழைய விண்டோஸ் டிஸ்க்கைச் செருகி யூசர்ஸ் ஃபோல்டரைத் திறந்தால் அனுமதி இல்லை என்று ஒரு செய்தி வரும். தொடரச் சொன்னால் போதும். அனுமதிகளை மாற்றி எழுதக் கொஞ்ச நேரம் எடுக்கும். டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் இரண்டையும் பலரும் நினைவாக எடுத்துவிடுவார்கள். டெஸ்க்டாப்பிலும் டவுன்லோட்ஸிலும் கிடப்பதைத்தான் மறப்பார்கள். சி டிரைவின் வேரிலேயே ஃபோல்டர் போட்டு வைக்கும் பழக்கம் உள்ளவர்கள் அங்கேயும் தேட வேண்டும். கடைக் கணக்கை டேலியில் வைத்திருந்தால் அதன் டேட்டா ஃபோல்டரைத் தனியாக எடுக்க வேண்டும். மறைந்திருக்கும் ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் பிரவுசர் புக்மார்க்குகளும், தண்டர்பேர்டு போன்றவற்றில் வந்த பழைய மின்னஞ்சல்களும் இருக்கும்.

தமிழில் தட்டச்சு செய்து பழகியவர்கள் இன்னொன்றையும் எடுத்துக்கொள்ள வேண்டும்: ஃபான்ட்ஸ் ஃபோல்டர். யூனிகோட் பரவுவதற்கு முன் பாமினி, வானவில் என்று எத்தனையோ எழுத்துருக்களில் நாம் எழுதினோம். அந்தக் கோப்புகள் உண்மையில் ரோமன் எழுத்துக்களாகவும் குறிகளாகவும்தான் சேமிக்கப்பட்டிருக்கின்றன. அந்த எழுத்துரு இருக்கும் கணினியில் மட்டுமே தமிழாகத் தெரியும். அப்பா எழுதிய கடிதத்தையும் கோயில் மலருக்குத் தட்டிய கட்டுரையையும் பத்திரமாக நகலெடுத்துவிட்டு எழுத்துருவைத் தொலைத்தால், பிறகு அது என்ன குறியீடு என்று தேடி யூனிகோடுக்கு மாற்ற வேண்டியிருக்கும். எழுத்துருக் கோப்பு சில நூறு கேபிதான், கூடவே எடுத்துவிடுங்கள்.

தமிழக அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த லேப்டாப்புகள் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. அவற்றில் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் போட்டே கொடுத்தார்கள். அப்படிப்பட்ட டிஸ்க்கை விண்டோஸ் கணினியில் செருகினால், லினக்ஸ் இருக்கும் பகுதியை விண்டோஸால் படிக்க முடியாமல், “இந்த டிஸ்க்கைப் பயன்படுத்துவதற்கு முன் ஃபார்மட் செய்ய வேண்டும்” என்று ஒரு பெட்டி எழும்பும். வேண்டாம் என்று மூடிவிடுங்கள். டிஸ்க் கெட்டுவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. விண்டோஸுக்கு அந்த அமைப்பு புரியவில்லை, அவ்வளவுதான். உபுண்டு அல்லது லினக்ஸ் மின்ட்டைப் பென் டிரைவில் ஏற்றி, கணினியில் நிறுவாமலே ஓடவிட்டால் இரண்டு பக்கமும் தெரியும்.

அண்மைக் கால லேப்டாப்பிலிருந்து கழற்றிய டிஸ்க், விண்டோஸின் குறியாக்கப் பூட்டான பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருக்கலாம். திறக்க 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். நீங்களே போடாவிட்டாலும், மைக்ரோசாஃப்ட் கணக்கோடு தொடங்கிய லேப்டாப்புகளில் தானாக இயங்கியிருக்க வாய்ப்புண்டு; சாவியும் அந்தக் கணக்கில்தான் இருக்கும்.

டிஸ்க் தன்னைப் பற்றிச் சொல்வது

ஹார்ட் டிஸ்க் தன் வரலாற்றைத் தானே எழுதிவைத்துக்கொள்கிறது. இதற்கு ஸ்மார்ட் என்று பெயர். விண்டோஸில் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பார்க்கலாம். லினக்ஸில் ஸ்மார்ட்மான்டூல்ஸ் இருக்கிறது. கட்டளை தட்ட விரும்பாதவர்களுக்கு க்னோம் டிஸ்க்ஸ் போதும். சில மலிவான யுஎஸ்பி கேஸ்கள் இந்தத் தகவலைக் கணினிக்குக் கடத்தாது. திரை வெறுமையாக வந்தால் வேறு கேஸிலோ நேரடி சாட்டா இணைப்பிலோ பாருங்கள்.

வரிசை வரிசையாக எண்கள் வரும். எல்லாவற்றையும் படிக்க வேண்டியதில்லை. எண் 5 என்ற வரி, இதுவரை உபரிக்கு மாற்றப்பட்ட செக்டார்களின் எண்ணிக்கை. 197 என்ற வரி, மேலே சொன்ன சந்தேகப் பட்டியலில் காத்திருப்பவை. 198 என்பது டிஸ்க் தன்னைத்தானே சோதித்தபோது படிக்க முடியாமல் போனவை. இந்த மூன்றும் பூஜ்யமாக இருந்தால் நல்ல தொடக்கம். 199 ஏறியிருந்தால் டிஸ்க்கைக் குறை சொல்ல வேண்டாம். கேபிள் வழியே தகவல் போகும்போது ஏற்பட்ட பிழை அது. கேபிளை மாற்றினால் மேற்கொண்டு ஏறாது. 9 என்ற வரி டிஸ்க் ஓடிய மொத்த மணிநேரம். ஓர் ஆண்டு முழுக்க விடாமல் ஓடினால் 8,760 மணி வரும். இதை வைத்து 20,000 மணி ஓடிய டிஸ்க் எவ்வளவு உழைத்திருக்கிறது என்று ஊகிக்கலாம்.

கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் இந்த வரி எண்கள் பதினாறடிமானத்தில் (ஹெக்ஸாடெசிமல்) இருக்கும். 197 சி5 என்றும், 198 சி6 என்றும், 199 சி7 என்றும் தெரியும். கடைசி நெடுவரிசையில் வரும் மதிப்புகளும் அப்படியே. அங்கே 64 என்று இருந்தால் உண்மையில் 100. மெனுவில் போய் அதைப் பத்தடிமானத்துக்கு மாற்றிக்கொண்டால் குழப்பம் தீரும். முதல் வரியில் உள்ள படிப்புப் பிழை வீதம் சில நிறுவனங்களின் டிஸ்க்கில், குறிப்பாக சீகேட்டில், கோடிக்கணக்கில் காட்டும். அந்த எண் வேறு முறையில் பதியப்படுகிறது, அதைக் கண்டு பதற வேண்டாம்.

ஸ்மார்ட் எல்லாம் சரி என்று சொன்னால் டிஸ்க்கை முழுதாக நம்பலாமா? 2007-இல் கூகுள் பொறியாளர்கள் தங்கள் தரவு மையங்களில் ஓடிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். பின்னணிச் சோதனையில் முதல் பிழை தென்பட்ட டிஸ்க், பிழையில்லாத டிஸ்க்கைவிட அடுத்த 60 நாள்களுக்குள் செயலிழக்கும் வாய்ப்பு 39 மடங்கு அதிகம் என்று அதில் கண்டார்கள். அதே ஆய்வில், செயலிழந்த டிஸ்க்குகளில் பாதிக்கு மேற்பட்டவை மிக வலுவான நான்கு ஸ்மார்ட் அறிகுறிகளில் ஒன்றையும் காட்டாமலே போயிருந்தன. ஆக, ஸ்மார்ட் எச்சரித்தால் கட்டாயம் கேளுங்கள். அது மௌனமாக இருப்பதை உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பழைய டிஸ்க்கைப் பற்றி நான் சொல்லப்போகும் எல்லா முடிவுகளுக்கும் இந்த இரண்டு உண்மைகள்தான் அடிப்படை.

முழுப் பரப்பையும் எழுதுவது

நிலத்தை விற்றவர் பெயரைப் பதிவேட்டில் அடித்துவிட்டால் அங்கே நிற்கும் பயிர் காணாமல் போய்விடாது. வேகமான ஃபார்மட் அப்படித்தான் வேலை செய்கிறது: எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற பதிவேட்டை மட்டும் புதிதாக்குகிறது, கோப்புகள் தட்டிலேயே கிடக்கின்றன. அதனால்தான் சில விநாடிகளில் முடிகிறது. மீட்பு மென்பொருளால் பழையவற்றைத் திரும்ப எடுக்கவும் முடிகிறது. விண்டோஸில் ஃபார்மட் போடும் பெட்டியில் ‘குயிக்’ என்ற குறியை எடுத்துவிட்டால் அது முழு ஃபார்மட். எக்ஸ்பியில் அது பரப்பைப் படித்துப் பார்த்ததோடு சரி. விஸ்டாவிலிருந்து அது பகுதி முழுவதும் பூஜ்யங்களை எழுதுகிறது.

ஆனால் அந்த ஃபார்மட் ஒரு பார்ட்டிஷனுக்குள் (டிஸ்க்கைப் பிரித்த பகுதிகளில் ஒன்று) மட்டுமே நடக்கும். பழைய விண்டோஸ் டிஸ்க்கில் நாம் பார்க்கும் சி, டி தவிர, கணினியைத் தொடக்கும் சிறு பகுதி, மீட்புப் பகுதி என்று இன்னும் சில ஒளிந்திருக்கும். விண்டோஸோடு வரும் டிஸ்க் மேனேஜ்மென்ட் கருவியில் அவற்றில் சிலவற்றை அழிக்கும் வசதியே மங்கலாகத் தெரியும். டிஸ்க்பார்ட் என்ற கட்டளைக் கருவியில் டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து ‘க்ளீன் ஆல்’ கொடுத்தால் முதல் செக்டாரிலிருந்து கடைசிவரை பூஜ்யம் எழுதப்படும். லினக்ஸில் க்னோம் டிஸ்க்ஸின் ஃபார்மட் பெட்டியிலேயே பூஜ்யங்களால் மேலெழுதும் தெரிவு உண்டு.

இந்த இடத்தில்தான் அதிகபட்ச எச்சரிக்கை தேவை. டிஸ்க்பார்ட் டிஸ்க்குகளைப் பெயரால் அழைக்காது. 0, 1, 2 என்று எண்தான். தவறான எண்ணைக் கொடுத்தால் உங்கள் முதன்மை டிஸ்க்கோ வேறொரு பேக்கப்போ கேள்வியில்லாமல் போய்விடும். ஆகவே தொடங்குவதற்கு முன் பென் டிரைவ், மற்ற வெளிப்புற டிஸ்க் எல்லாவற்றையும் பிடுங்கிவிடுங்கள். பட்டியலில் காட்டும் கொள்ளளவை டிஸ்க்கின் மேல் ஒட்டியிருப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 500 ஜிபி என்று அச்சிட்டது 465 என்று காட்டும், 1 டிபி என்றது 931 என்று காட்டும். தயாரிப்பாளர் ஜிபியை நூறு கோடி பைட்டாக எண்ணுகிறார். விண்டோஸ் 1024-இன் பெருக்கலாக எண்ணுகிறது. டிஸ்க்கில் எதுவும் குறையவில்லை.

விநாடிக்குச் சராசரி 80 எம்பி என்று வைத்தால் 1 டிபி எழுத மூன்றரை மணிநேரம் ஆகும். தட்டின் வெளிவிளிம்பில் வேகமாகத் தொடங்கி, உள்ளே போகப் போக மெதுவாகும், இது இயல்பு. கணினி தூங்காதபடி அமைத்துவிட்டு, இரவில் ஓடவிடுங்கள். நடுவில் மின்சாரம் போனால் பெரிய இழப்பில்லை, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். இடையிடையே தொட்டுப் பாருங்கள். கேஸ் கைபொறுக்காத அளவுக்குச் சுட்டால் ஒரு மின்விசிறியைத் திருப்பிவையுங்கள். பெரும்பாலான டிஸ்க்குகளுக்கு 60 டிகிரி செல்சியஸ்தான் எல்லை. 45-க்குள் வைத்திருப்பது நல்லது.

35 முறை மேலெழுத வேண்டும் என்ற பேச்சை எங்காவது கேட்டிருப்பீர்கள். 1996-இல் வெளிவந்த ஓர் ஆய்விலிருந்து வந்தது அது. அன்றைய டிஸ்க்குகளின் பதிவு முறைகளுக்காகச் சொன்னது. இன்றைய ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரு முறை மேலெழுதுவதே பொதுவாகப் போதும் என்று அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான என்ஐஎஸ்டியின் 2014 வழிகாட்டி சொல்கிறது. இது சுழலும் டிஸ்க்குக்கு மட்டும் பொருந்தும். எஸ்எஸ்டி உள்ளுக்குள் இடம் மாற்றி மாற்றி எழுதுவதால் அதற்குத் தயாரிப்பாளர் தரும் அழிப்புக் கட்டளையைத்தான் பயன்படுத்த வேண்டும்.

எழுதி முடிந்ததும் ஸ்மார்ட்டை மறுபடி திறந்து, முன்பு குறித்துவைத்த எண்களோடு ஒப்பிடுங்கள். 197 பூஜ்யத்துக்கு வந்திருக்க வேண்டும். எண் 5 கொஞ்சம் ஏறியிருக்கலாம். சந்தேகத்தில் இருந்தவற்றில் சில உண்மையிலேயே கெட்டவை என்று உறுதியாகி, மாற்றப்பட்டிருக்கின்றன. பிறகு நீண்ட சுய சோதனையை ஓடவிடுங்கள். இது முழுப் பரப்பையும் படித்துப் பார்க்கும். சோதனை பிழையின்றி முடிந்து, எண்கள் அசையாமல் நின்றால் டிஸ்க்கை வேலைக்கு எடுக்கலாம். முழுதும் எழுதிய பிறகும் 197-இல் புதிதாக ஏதாவது தோன்றினாலோ, எண் 5 ஒவ்வொரு சோதனைக்கும் ஏறிக்கொண்டே போனாலோ அந்த டிஸ்க்கை விட்டுவிடுங்கள். கொஞ்ச நாள் பார்க்கலாம் என்று இழுப்பதில் பயனில்லை. பிழை காட்டத் தொடங்கிய டிஸ்க்கைப் பற்றி மேலே சொன்ன ஆய்வு தெளிவாகவே சொல்கிறது.

பார்ட்டிஷனும் ஃபைல் சிஸ்டமும்

முழுதாகத் துடைத்த டிஸ்க்கை விண்டோஸ் கணினியில் செருகியதும் மை கம்ப்யூட்டரில் எதுவும் தெரியாது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தால் அங்கே இருக்கும். ஜிபிடியா எம்பிஆரா என்று கேட்கும். பார்ட்டிஷன்களின் பட்டியலை எந்த முறையில் எழுதுவது என்பதுதான் இந்தக் கேள்வி. எம்பிஆர் பழைய முறை. வழக்கமான 512 பைட் செக்டார் கணக்கில் 2 டிபிக்கு மேல் எட்டாது. ஜிபிடியைத் தேர்ந்தெடுங்கள். பழைய டிவியில் செருகிப் படம் பார்க்கும் எண்ணம் இருந்தால் மட்டும் எம்பிஆர், ஏனென்றால் பல டிவிகளுக்கு ஜிபிடி புரிவதில்லை.

துண்டு துண்டாகப் பார்ட்டிஷன் பிரிக்கும் பழக்கம் நம்மிடம் அதிகம். சேமிப்பு டிஸ்க்குக்கு அது தேவையில்லை. ஒரே பகுதியாக வையுங்கள். ஒரு துண்டு நிரம்பி இன்னொன்று காலியாகக் கிடக்கும் தொல்லை வராது.

ஃபைல் சிஸ்டம், அதாவது கோப்புகளைப் பதிந்து அடுக்கும் முறை, எது என்பது டிஸ்க் எங்கே வாழப்போகிறது என்பதைப் பொறுத்தது. விண்டோஸ் கணினிகளில் மட்டும் என்றால் என்டிஎஃப்எஸ். மேக், விண்டோஸ் இரண்டிலும் எழுத வேண்டும் என்றால் எக்ஸ்ஃபேட். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலும் 2019-இல் வந்த 5.4 பதிப்பிலிருந்து அது இருக்கிறது. எக்ஸ்ஃபேட்டில் ஜர்னல், அதாவது செய்யப்போகும் மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவு, கிடையாது. எழுதிக்கொண்டிருக்கும்போது கேபிளைப் பிடுங்கினால் பதிவேடு குலைய வாய்ப்பு அதிகம், ஆகவே அவசியம் இருந்தால் மட்டும் அதைத் தேர்ந்தெடுங்கள். லினக்ஸ் மட்டும் பயன்படுத்துகிறவர்கள் எக்ஸ்ட்4. ஃபேட்32 வேண்டாம்: 4 ஜிபியைத் தாண்டிய ஒரு கோப்பை அதில் வைக்க முடியாது, நீளமான ஒரு படமே அந்த அளவைத் தாண்டிவிடும்.

ஏற்கெனவே முழுப் பரப்பையும் எழுதியாகிவிட்டதால் இப்போது வேகமான ஃபார்மட்டே போதும்.

எந்த வேலையைக் கொடுக்கலாம்

தயாரான பழைய டிஸ்க்கில் எதையும் வைக்கலாம், அதன் பிரதி வேறொரு இடத்திலும் இருக்க வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு. லேப்டாப்பில் இருக்கும் புகைப்படங்களுக்கு இரண்டாவது பிரதியாக, மறுபடி இணையத்தில் இறக்கிக்கொள்ளக்கூடிய படங்களும் கேம்களும் இருக்கும் இடமாக, கைபேசியின் வீடியோக்களை ஒதுக்கும் பெட்டகமாக அது நன்றாகவே உழைக்கும். இடம் இல்லையென்று லேப்டாப்பிலிருந்து ‘கட்’ செய்து இதில் ‘பேஸ்ட்’ செய்தால், அந்த நொடியில் உங்கள் ஒரே பிரதி ஒரு பழைய இயந்திரத்தில் இருக்கிறது. புகைப்படம் விஷயத்தில் மட்டுமாவது இதைச் செய்யாதீர்கள். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வீட்டுக்கு வெளியே என்ற பேக்கப் விதியில் இந்த டிஸ்க் ஒரு பிரதிக்கு மட்டுமே கணக்கு.

இரண்டு பழைய டிஸ்க்குகள் இருந்தால், இரண்டையும் சேர்த்து ஒரே பெரிய டிரைவாகக் காட்டும் வசதி விண்டோஸில் இருக்கிறது. ஸ்பேண்டு வால்யூம் என்று பெயர். பார்க்கக் கவர்ச்சியாக இருக்கும். ஒன்று பழுதானால் மற்றதில் இருப்பதையும் படிக்க முடியாமல் போகக்கூடும். வயதான டிஸ்க்குகளுக்கு அதைச் செய்ய வேண்டாம். அதற்குப் பதில், ஒன்றில் இருப்பதையே மற்றதிலும் எழுதி இரட்டையாக வைத்துக்கொண்டால் கொள்ளளவு பாதியானாலும் நிம்மதி இருக்கும்.

வேலைக்கு எடுத்த பிறகு செய்ய வேண்டியவை குறைவு. டிஸ்க்கின் மேல் ஒரு சீட்டு ஒட்டி, சோதித்த தேதி, எண் 5-இன் மதிப்பு, ஓடிய மணிநேரம் மூன்றையும் எழுதுங்கள். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை செருகி, ஸ்மார்ட்டைப் பார்த்துச் சீட்டோடு ஒப்பிட்டு, சில கோப்புகளைத் திறந்து பாருங்கள். பிடுங்குவதற்கு முன் இஜெக்ட் கொடுத்து, சுழற்சி நிற்கும் ஓசை அடங்கிய பிறகு எடுங்கள். அலமாரியில் படுக்கையாகவோ பக்கவாட்டிலோ வைக்கலாம், எது ஆனாலும் கீழே விழாத இடமாக இருக்கட்டும். மழைக்காலத்தில் ஈரம் ஏறும் சுவரோரம் வேண்டாம். மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைக்கலாம்.

சோதனையில் தேறாத டிஸ்க்கைப் பழைய இரும்புக்காரரிடம் அப்படியே போடாதீர்கள். ஓடும் நிலையில் இருந்தால் முழுதும் மேலெழுதிவிட்டு மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். ஓடவே ஓடாத டிஸ்க்கில் மேலெழுத முடியாது என்பதால் தட்டுகளைத்தான் உடைக்க வேண்டும். 3.5 அங்குல டிஸ்க்கில் தட்டுகள் பெரும்பாலும் அலுமினியம். துளைபோடும் இயந்திரத்தால் இரண்டு மூன்று துளை போட்டால் போதும். லேப்டாப் டிஸ்க்குகளில் பலவற்றின் தட்டு கண்ணாடியால் ஆனது. அடித்தால் நொறுங்கித் தெறிக்கும். மூடியைக் கழற்றாமல், தடித்த சாக்குப் பையில் சுற்றி, கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அதன் பிறகு சுத்தியலை எடுங்கள்.